பி53, எம்டிஎம்2 பிணைப்பைக் கணினித் திரையில் படிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கக் கல்லூரிகளில் உயிரியல் படிக்கும் மாணவர்கள், புற்றுநோயைத் தூண்டும் மரபணு ஒன்றைப் புரதங்கள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதை வீட்டுக் கணினியிலேயே பார்த்து அறியலாம்.

தொடங்குவதற்கு எம்டிஎம்2 மரபணுவே மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. 1979-இல் கண்டறியப்பட்ட, கட்டிகள் வளராமல் தடுக்கும் பி53 புரதம் இம்மரபணுவைச் செயல்பட வைக்கிறது. அதிலிருந்து உருவாகும் எம்டிஎம்2 புரதமோ பி53-ஐப் பற்றிக்கொண்டு, அதன்மீது சிதைவுக்கு அடையாளமான யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஏற்றிச் சிதைவுக்கு அனுப்புகிறது. இச்சுழற்சியை முதலில் தாளில் அம்புக்குறிகளால் வரைந்துகொள்ளுங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் வரும் படம் விளங்காது.

பிறகு புரதத் தரவு வங்கியின் இணையதளத்தில் 1ஒய்சிஆர் (1YCR) என்ற குறியீட்டைத் தேடி, கோப்பைப் பதிவிறக்கி, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் கைமேரா-எக்ஸ் (ChimeraX) மென்பொருளில் திறவுங்கள். ஏ சங்கிலி எம்டிஎம்2. பி சங்கிலி பி53-இன் சிறு துண்டு. ஏ சங்கிலியை மேற்பரப்பாகவும், பி சங்கிலியில் 19-ஆம் ஃபினைல்அலனின், 23-ஆம் டிரிப்டோஃபான், 26-ஆம் லியூசின் ஆகிய அமினோ அமிலங்களைத் தனி நிறத்திலும் காட்டுங்கள். படத்தை மெல்லத் திருப்பினால், இம்மூன்றின் பக்கச் சங்கிலிகளும், பல்லாங்குழியில் சோழி இறங்குவதுபோல், எம்டிஎம்2-இன் நீர்விலக்கும் பள்ளத்துக்குள் அமர்ந்திருப்பதைக் காணலாம். இங்கே நிதானித்துப் பாருங்கள்: 2004-இல் அறிவிக்கப்பட்ட நட்லின் என்ற சிறு மருந்து மூலக்கூறுகள் இதே பள்ளத்தை அடைத்துத்தான் பி53-ஐக் காக்கின்றன.

டிஎன்ஏ சேதமடையும்போது பி53-இன் 18-ஆம் அமினோ அமிலமான திரியோனின்மீது பாஸ்பேட் ஏறி இப்பிணைப்பைத் தளர்த்துகிறது என்பதால், அந்த இடத்தையும் குறித்து வையுங்கள். எலும்பு, கொழுப்பு, தசை போன்ற திசுக்களில் தோன்றும் சில சார்கோமா புற்றுநோய்க் கட்டிகளில் எம்டிஎம்2 மரபணுவின் நகல்கள் பெருகிவிடுவதால், பி53 பழுதின்றி இருந்தும் அடங்கிப்போகிறது.