காற்றடைத்த ஒளி மீனைத் தெருவில் நிறுத்தும் முன்

ராயபுரம், காசிமேடு பக்கம் தெரு விழாவுக்கு, உள்ளே விளக்கெரியும் காற்றடைத்த உருவம் வைக்கப் போகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணி மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. பிள்ளைகள் குதித்து ஆடும் காற்றுக் கோட்டைகளுக்கே ஐரோப்பியத் தரவிதி மணிக்கு 38 கிலோமீட்டர் காற்றோடு நிறுத்தச் சொல்கிறது. நான் 25 தாண்டினாலே இறக்கிவிடுவேன்.

தார் ரோட்டில் முளை அடிக்க முடியாது. சரி, வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்குமே? நிரப்பினால் 20 கிலோ. ஒரு கயிற்றுக்கு நான்கைந்து கேன்களைச் சேர்த்துக் கட்டுங்கள். கரண்ட் கம்பத்தில் மட்டும் கட்டாதீர்கள்.

தையல் ஓட்டைகள் வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கும், அதனால் ஊதும் மோட்டார் நிற்கக் கூடாது. எங்கள் தெருவில் ஒருமுறை கரண்ட் போனதும் எட்டடி மீன் மடங்கி விளக்கின் மேலேயே படுத்துக்கொண்டது. 12 வோல்ட் எல்இடி என்பதால் தப்பித்தோம். சூடான ஹாலஜன் என்றால் நைலான் உருகியிருக்கும். மோட்டார் இணைப்புக்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம்.

அப்புறம், தொட்டால் நிறம் மாற வேண்டுமென்றால் தொடு சென்சாரை நம்பாதீர்கள். உப்பு ஈரத்தில் ஆளில்லாமலே மாறிக்கொண்டிருக்கும். மூடியில் துளை போட்ட டிபன் டப்பாவில் பெரிய பொத்தான் ஒன்று போதும். பிள்ளைகளுக்கும் அதை டக்கென்று அமுக்குவதில்தான் குஷி.