அமுக்கினால் பேசும் தலையணை: பிரிவில் வாடும் குழந்தைக்கு ஒரு குரல் கருவி

அப்பாவையோ அம்மாவையோ பாட்டியையோ பறிகொடுத்த குழந்தை, கட்டிக்கொண்டு அமுக்கினால் அவர் குரல் கேட்கும் சின்னத் தலையணை இது. சாலிடரிங் பழகிய கைக்கு ஒரு மாலை வேலைதான். எந்தக் குரல் துண்டை உள்ளே வைப்பது என்று முடிவு செய்யத்தான் நாள் பிடிக்கும். அதை முதலில் முடித்துவிடுங்கள்.

போனில் இருக்கும் குரல் செய்திகளையும் வீடியோக்களையும் தேடி, 8 முதல் 10 விநாடி வரும் துண்டு ஒன்றை எடுங்கள். பிறந்தநாள் வாழ்த்தைவிட அன்றாடப் பேச்சு நல்லது. "டேய், பையை அங்கயே போட்டுட்டுப் போகாதடா" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வந்தால், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேசியது வேண்டவே வேண்டாம். "ராத்திரி வந்துடுவேன்" என்பது போன்ற வாக்குறுதியும் கூடாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சாவு என்பது திரும்பி வரக்கூடிய பயணம் மாதிரி. 1948-இல் உளவியலாளர் மரியா நாகி ஹங்கேரியக் குழந்தைகளிடம் பேசி எழுதிய ஆய்விலேயே இது இருக்கிறது. அப்படி ஒரு வரியைக் கேட்டால் பிள்ளை வாசலில் போய் உட்கார்ந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவால் அதே குரலில் புதிய வாக்கியங்கள் செய்யலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்தால், எது நிஜமாகவே அப்பா சொன்னது என்று பிள்ளை பின்னாளில் பிரித்துப் பார்க்க முடியாது.

தேவையானவை: ஐஎஸ்டி1820 குரல்பதிவு மாட்யூல் (குரலைப் பதிந்து திருப்பிப் பேசும் சின்ன மின்சுற்றுப் பலகை) 1, 8 ஓம், அரை வாட் ஸ்பீக்கர் 1, 12 மி.மீ. புஷ் பட்டன் 1. திருகு போட்டு மூடும் மூன்று ஏஏ பேட்டரிப் பெட்டி 1. பல இழை ஒயர், 6 செ.மீ. அகலமுள்ள வட்டப் பிளாஸ்டிக் தகடு 2, கொஞ்சம் ஃபோம். காசு வடிவ பட்டன் பேட்டரியைத் தொடவே வேண்டாம். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்தத் தலையணையே வேண்டாம்.

ஐஎஸ்டி1820 மாட்யூலைச் சொல்லக் காரணம், அமுக்காதபோது அது கிட்டத்தட்ட மின்சாரமே இழுப்பதில்லை, பேட்டரியைக் கழற்றினாலும் பதிவு அழியாது. மெமரி கார்டு போட்ட எம்பி3 மாட்யூலில் ஒலி இன்னும் தெளிவாக இருக்கும்; ஆனால் சும்மா இருக்கும்போதே அது 20 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சுவிட்சை அணைக்க மறந்தால் சில நாட்களில் பேட்டரி காலி.

பலகையில் வரும் 100 கிலோ ஓம் மின்தடைக்குப் பத்து விநாடி பதிவாகும். ஆனால் 2.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி வெட்டுப்படும், 'ச', 'ஸ' மழுங்கும். அதை 82 கிலோ ஓமாக மாற்றினால் நேரம் எட்டு விநாடியாகக் குறையும், தெளிவு பழைய டெலிபோன் அளவுக்கு வரும். எட்டு விநாடி போதுமென்றால் மாற்றிவிடுங்கள்.

கணினியில் ஒலியை வெட்டித் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் துண்டைத் திறந்து, இரைச்சல் நீக்கத்தை 6 டெசிபலோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலாகும். நீண்ட இடைவெளிகளை வெட்டுங்கள். மௌனம் வந்தால் மாட்யூல் தானாகவே ஒலியைக் கூட்டி 'உஸ்'ஸென்று இரையும். மின்விசிறியை அணைத்துவிட்டு, மாட்யூலின் மைக்கிலிருந்து 10 செ.மீ. தள்ளி போனை வைத்து ஓடவிட்டு, பலகையிலுள்ள ரெக் (பதிவு) பட்டனை அமுக்கிப் பிடித்துப் பதியுங்கள். நான்கைந்து தடவை செய்தால்தான் அளவு சரியாக அமையும்.

பதிவு திருப்தியானதும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரெக் பட்டனைப் பலகையிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இதைத் தவறவிடவே கூடாது. தலையணைக்குள் அந்தப் பட்டன் ஒரு கணம் அமுங்கினாலும் குரல் போய்விடும், பஞ்சின் கரகர சத்தம் அந்த இடத்தில் பதிந்துவிடும். பலகையில் ரிபீட் ஜம்பர் (திரும்பத் திரும்பப் பேசவைக்கும் சின்ன இணைப்புத் துண்டு) இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் அதே வாக்கியம் நிற்காமல் சுற்றும்.

வெளிப் பட்டனை, பலகையில் விசிசி (பேட்டரியின் பிளஸ்) என்றும் பிளே-எல் என்றும் குறித்த முனைகளுக்கு நடுவே இணையுங்கள். பிளே-எல் முனையில், அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் குரல் வரும், கையெடுத்தால் நின்றுவிடும். ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் பிள்ளையின் கையில் இருப்பதுதான் இதில் முக்கியம். தானாகப் பேசுகிற பொம்மை இருட்டில் பயமுறுத்தும். ஸ்பீக்கரின் இரு ஒயர்களும் ஸ்பீக்கர் முனைகளுக்கே போகட்டும். ஒன்றைக் கிரவுண்டில் (பேட்டரியின் மைனஸ்) சேர்க்கக் கூடாது. சாலிடர் செய்த இடங்களில் சூட்டுப் பசை வைக்காவிட்டால், பத்து நாள் கட்டிப்பிடித்ததில் ஒயர் அறுந்துவிடும்.

பட்டனை இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து, ஓரங்களில் ஃபோம் ஒட்டுங்கள். தலையை வைத்தால் அமுங்கக் கூடாது, இறுக்கி அணைத்தால் அமுங்க வேண்டும். ஃபோமின் தடிமனை மாற்றிப் பார்த்துத்தான் இது பிடிபடும். ஸ்பீக்கரைத் துளையிட்ட சின்ன டப்பாவில் போட்டு, முன்னால் ஒற்றைத் துணி மட்டும் வையுங்கள். பஞ்சுக்குள் புதைத்தால் குரல் முனகலாகிவிடும். முழுக் கருவியும் துணிப்பையோடு வெளியே வருகிற மாதிரி ஜிப் வைத்துத் தையுங்கள், துவைக்க வேண்டியிருக்கும்.

உறைக்கு அவருடைய சட்டையை எடுப்பதானால், வெட்டும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். துவைக்காத சட்டையில் இன்னும் வாசனை இருக்கும். சில பிள்ளைகளுக்குக் குரலைவிட அதுதான் பெரிது.

கொடுக்கும்போது ஒளிவுமறைவு வேண்டாம்: "இது அப்பா முன்னாடி பேசினது. அப்பா இதுக்குள்ள இல்ல. புதுசா எதுவும் பேச மாட்டாரு." கேட்டால் ஜிப்பைத் திறந்து ஒயரைக் காட்டுங்கள். அழுகையை நிறுத்த நீங்களாக அமுக்காதீர்கள், வந்த விருந்தாளிக்குப் போட்டும் காட்டாதீர்கள். ஒரு நாளில் நாற்பது தடவை கேட்டுவிட்டு, மறுநாள் கட்டிலுக்கடியில் வீசினாலும் விட்டுவிடுங்கள். குழந்தையின் துக்கம் மழை மாதிரி விட்டுவிட்டுத்தான் வரும். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ, "நானும் அப்பாகிட்டப் போறேன்" என்றாலோ, அன்றே குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மூலக் கோப்பை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். பேட்டரி தளர்ந்தால் குரல் கரகரத்து உடையும். அப்பா இரண்டாவது தடவை போய்விட்டார் என்று பிள்ளை கலங்கும் நேரம் அது. அதனால் முதல் தடவை பேட்டரி மாற்றும்போதே பக்கத்தில் உட்காரவைத்து, திருகைக் கழற்றுவது நீங்களும் புது பேட்டரி போடுவது அந்தப் பிள்ளையுமாக இருக்கட்டும்.