குடற்புழு மருந்து வேலை செய்கிறதா? ஆட்டுப் புழுக்கையில் முட்டை எண்ணிப் பார்க்கும் முறை

ஒரே குடற்புழு மருந்தைப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் மந்தையில், அந்த மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகிவிடுகின்றன. ஆட்டின் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவில் ஒரு பெண்புழுவே நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடக்கூடியது. ஆகவே மருந்து கொடுப்பதற்கு முன்பும் பின்பும் முட்டைகளை எண்ணி ஒப்பிட்டாலன்றி, அது பலித்ததா என்பதைச் சொல்ல இயலாது.

கடந்த இரண்டு மாதங்களில் புழு மருந்து கொடுக்கப்படாத, ஏறக்குறைய ஒரே வயதுடைய 10 ஆடுகளையாவது தேர்ந்தெடுத்து, காது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் புழுக்கை எந்த ஆட்டினுடையது என்று தெரியாது என்பதால், கையுறை அணிந்து மலக்குடலிலிருந்தே எடுத்து, காற்றை வெளியேற்றிய பையில் கட்டி எண்ணை எழுதுங்கள். வெப்பத்தில் முட்டைகள் பொரிந்துவிடும். குளிர்பெட்டியில், உறையாமல் வைத்து ஒரு நாளுக்குள் எண்ணிவிட வேண்டும்.

தண்ணீரில் உப்பை இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். 4 கிராம் புழுக்கையை இந்த உப்புநீர் 56 மில்லியில் மசித்து, தேநீர் வடிகட்டியில் வடித்து, கலக்கிக்கொண்டிருக்கும்போதே சொட்டுக்குழாயில் எடுத்து முட்டை எண்ணுவதற்கென்றே அறைகளும் கோடுகளும் அமைந்த மெக்மாஸ்டர் கண்ணாடித் தகட்டின் இரண்டு அறைகளையும் நிரப்புங்கள். கலக்குவதை நிறுத்தினால் முட்டைகள் மேலே மிதந்துவிட, எண்ணிக்கை தவறிப்போகும். ஐந்து நிமிடம் கழித்து, நுண்ணோக்கியில் 100 மடங்கு பெரிதாக்கி, இரு அறைகளின் கோடுகளுக்குள் தெரியும் முட்டைகளை எண்ணி 50ஆல் பெருக்கினால், ஒரு கிராமிலுள்ள முட்டைகளின் எண்ணிக்கை கிடைக்கும். மெல்லிய ஓட்டுக்குள் திராட்சைக் கொத்துப்போல அணுக்கள் நெருங்கியிருக்கும் நீள்வட்ட உருவமே ஹீமாங்கஸ் போன்ற உருளைப்புழுவின் முட்டை. தடித்த கருவிளிம்புடன் முழு வட்டமாகத் தெரிவது காற்றுக்குமிழி. தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்புநீரில் மிதக்காது. அதற்கு இந்தச் சோதனை உதவாது. மருந்துக்கு முந்தைய எண்ணிக்கையில் பத்து ஆடுகளின் சராசரி 150க்குக் கீழே இருந்தால் முடிவை நம்ப முடியாது.

சாணம் எடுத்த அன்றே மருந்தையும் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டையும் எடைபோட்டே கொடுங்கள். கண்ணளவில் குறைத்துக் கொடுத்த மருந்துதான் சோதனையைக் கெடுக்கும் முதல் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். செம்மறிக்குரிய அளவு வெள்ளாட்டுக்குப் போதாத மருந்துகளும் உண்டு. அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, நாக்கின் பின்புறம் செல்லுமாறு ஊற்றுங்கள். சினையின் முதல் மாதத்தில் உள்ள ஆடுகளுக்கு அல்பெண்டசோல் கூடாது.

பதினான்காம் நாள் அதே ஆடுகளிலிருந்து மீண்டும் எடுத்து எண்ணுங்கள். முன்பு சராசரி 800, இப்போது 200 எனில், 600 குறைந்திருக்கிறது. அதாவது 75 விழுக்காடு. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் இந்தக் குறைவு 95 விழுக்காட்டை எட்டாவிட்டாலே புழுக்கள் எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். அதற்கு முன், மருந்து காலாவதியானதா, அளவு சரியா என்பதைப் பார்த்துவிடுங்கள். அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறிப் பயனில்லை. லெவமிசோல், ஐவர்மெக்டின் போன்ற வேறு குடும்பத்து மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுத்த பிறகு, அதையும் இதே முறையில் எண்ணிச் சோதியுங்கள்.