உங்கள் பூத் எந்தப் பக்கம்? பட்டணம்காத்தானிலிருந்து பாம்பன் வரை கணக்கெடுப்பது எப்படி

ராமநாதபுரம் பகுதியில் உங்கள் பூத்தில் எத்தனை பேர் ஓட்டுப் போடுகிறார்கள், அது எந்த அணிப் பக்கம் சாய்கிறது என்று கணக்கெடுக்க இரண்டு தாள்கள் வேண்டும்: உங்கள் பாகத்தின் (ஒரு பூத்துக்கு உரிய பகுதி) வாக்காளர் பட்டியல், தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20. இரண்டும் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். படிவம் 20இல் பூத் வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டு, நோட்டா, மொத்தம் எல்லாம் இருக்கும். அந்த பூத்தில் எத்தனை வாக்காளர்கள் என்பது மட்டும் இருக்காது. அதைப் பட்டியலில்தான் எடுக்க வேண்டும். பூத்தில் வேட்பாளரின் ஏஜெண்டாக உட்கார்ந்தவர் யாராவது தெரிந்தவர் என்றால், பதிவு முடிந்ததும் அவர் கைக்கு வந்த படிவம் 17சி நகலைக் கேளுங்கள். வாக்காளர் எண்ணிக்கை, பதிவான ஓட்டு இரண்டும் அந்த ஒரே தாளில் இருக்கும். தேர்தல் நாளில் 9 மணி, 11 மணி என்று வரும் சதவீதம் வெறும் உத்தேசம். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

முதலில் தெருவை உறுதிசெய்யுங்கள். ராமநாதபுரம் தாலுகாவே 210 திருவாடானை, 211 ராமநாதபுரம் என்று இரண்டு தொகுதிகளில் கிடக்கிறது. பட்டணம்காத்தான், சக்கரக்கோட்டை போல நகரத்தை ஒட்டி வளரும் ஊர்களில் புது நகர்கள் முளைக்க முளைக்க பூத்தும் பிரியும். ஒரு பூத்துக்கு 1,500 பேர் என்றிருந்த உச்சவரம்பை 2025இல் 1,200 ஆக்கியிருக்கிறார்கள். ஆகவே 2019இன் பாகம் 45உம் இன்றைய பாகம் 45உம் ஒன்றே என்று நம்பி ஒப்பிட்டால் எல்லாம் வீண். பட்டியலின் முதல் பக்கத்தில் உள்ள தெருப் பெயர்களை ஒவ்வொரு ஆண்டுக்கும் எழுதி, பொருந்துகிற பூத்துகளைக் கூட்டி ஒரே தொகுப்பாக வையுங்கள்.

அடுத்தது சதவீதம். பெரும்பாலான தப்பும் நடப்பது இங்கேதான், அதுவும் வகுக்கும் எண்ணில். கணக்குக்காக ஒரு பூத்தில் 1,050 பெயர், பதிவானது 714 என்று வைத்துக்கொள்வோம். 68 சதவீதம். அதில் இறந்தவர், வீடு மாறியவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் 60 பேர். வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் 90 பேர். மிச்சம் 900. இப்போது அதே 714 ஓட்டு 79 சதவீதம் ஆகிறது. கீழக்கரையில் சபுராளிகள் (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள்) அதிகமுள்ள தெருக்களை ‘ஓட்டுப்போடாத தெரு’ என்று சொல்வது இதனால்தான் அநியாயம். படிவம் 6ஏ கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தாலும் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் ஓட்டுப் போட முடியும்.

இந்த எண்களை வீடுவீடாகப் போய் எடுக்க வேண்டியதில்லை. பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வைத்திருக்கும் வராதவர், மாறியவர், இறந்தவர் பட்டியல் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். வெளிநாட்டுக் கணக்கை ஜமாத்தில் கேட்டால் தெருவாரியாகச் சொல்வார்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏராளமான பெயர்கள் நீங்கிவிட்டதால், அதற்கு முந்தைய சதவீதத்தையும் பிந்தைய சதவீதத்தையும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒருவர்கூடக் கூடுதலாக வராமலே சதவீதம் ஏறிவிடும். போட்ட ஓட்டின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

மண்டபத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு ஓட்டு இல்லை. மக்கள்தொகையால் வகுத்தால் கணக்குப் பிசகும். உச்சிப்புளி கடற்படைத் தளத்தில் இருப்பவர்கள் பணி வாக்காளராக (படையில் பணிபுரிவோருக்கான தனிப் பதிவு) பதிந்திருந்தால் அவர்கள் ஓட்டு தபாலில் போகும், எந்த பூத்திலும் சேராது.

மீனவர் தெருக்களுக்குத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 18, 2024 ஏப்ரல் 19 இரண்டும் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வந்தன. 2021 ஏப்ரல் 6 வரவில்லை. தடை என்றால் விசைப்படகு கரையில் கிடக்கும், ஓட்டுக் கூடும் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த நாட்களில் கேரளப் பக்கம் தொழிலுக்குப் போகிறவர்களும் உண்டு. நாட்டுப்படகுக்குத் தடையே கிடையாது.

இனி சாய்வு. சின்னத்தை ஒப்பிடாதீர்கள், கூட்டணியை ஒப்பிடுங்கள். 2019, 2024 இரண்டிலும் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் தி.மு.க. அணியின் சின்னம் ஏணி. 2021 சட்டமன்றத் தேர்தலில் ராமநாதபுரத்தில் உதயசூரியன், திருவாடானையில் கை. எதிர் அணி இன்னும் சிக்கல்: 2019இல் அ.தி.மு.க. ஆதரவோடு தாமரை. 2024இல் இரட்டை இலை தனி, பா.ஜ.க. ஆதரவோடு நின்ற ஓ. பன்னீர்செல்வத்துக்குப் பலாப்பழம். அதே பெயரில் வேறு சுயேச்சைகளும் நின்றதால் படிவத்தில் வரியைச் சரிபார்த்து எடுங்கள்.

பூத்தில் ஓர் அணி வாங்கிய சதவீதத்திலிருந்து சட்டமன்றத் தொகுதி முழுக்க அது வாங்கிய சதவீதத்தைக் கழியுங்கள். 53 கழித்தல் 47, கூட்டல் 6. மூன்று தேர்தலிலும் குறி மாறாமல் நின்றால் அது சாய்வு. ஒருமுறை கூட்டல், மறுமுறை கழித்தல் என்றால் அந்தப் பகுதி வேட்பாளரைப் பார்த்துப் போடுகிறது. ஊராட்சித் தலைவர் தேர்தலை இதில் சேர்க்காதீர்கள். அதில் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் தேர்தலைச் சேர்க்கலாம்.

பட்டியலில் உள்ள பெயரைப் பார்த்து மதம், சாதி ஊகித்து, இந்த வீட்டு ஓட்டு இன்னாருக்கு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பூத்துக்குக் கீழே இறங்கிக் கணக்குப் போட உங்களிடம் தரவு இல்லை. நோட்டுப் புத்தகத்தில் பூத்துக்கு ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதியிட்ட பட்டியல், எத்தனை பெயர், திருத்திய எண், பதிவானது, அணி வித்தியாசம். பட்டியலின் தேதியை மறந்தால் அடுத்த தேர்தலில் அந்தப் பக்கத்தைத் திரும்ப முதலிலிருந்து எழுத வேண்டிவரும்.