பைலை மூட அவசரப்படாதீர்கள்: போதைத் தடுப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் இப்போது விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம் என்று எல்லாரும் போதைத் தடுப்பு வேலையில் இறங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். உளவளத்துணை படித்த கையோடு வீடு வீடாகப் போகும் இளம் பிள்ளைகளும் நிறையப் பேர். ஆனால் அவர்கள் விடும் பிழைகளைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது, ஏனென்றால் பாதிக்கு மேல் நாங்கள் முன்பு விட்ட அதே பிழைகள். பெடியனுக்கு அடிக்கக்கூடாது, அவன் பெயரை ஊருக்குச் சொல்லக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேசையில் அடுக்கிக் காட்டுவது

ஒரு பாடசாலையில் விழிப்புணர்வுக் கண்காட்சி. ஐஸ் என்கிற மெத்தாம்பெட்டமின் போதைப்பொருள் எப்படி இருக்கும், ஈயத்தாளில் ஹெரோயினை எப்படி இழுப்பார்கள் என்று பெரிய பெரிய படங்கள். தரம் 9 பெடியள் முன்னால் நின்று பார்க்கிறார்கள். விளக்கம் முடிந்ததும் ஒருத்தன் கையைத் தூக்கினான்: "சேர், ஒரு பக்கெட் என்ன விலை?"

ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட தடுப்பு நியமங்களில் இது தெளிவாகவே இருக்கிறது. பயமுறுத்தும் பேச்சு, வெறும் தகவல், முன்பு பாவித்தவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது, இவற்றால் பலன் இல்லை. சில இடங்களில் எதிர்விளைவும் உண்டு. சின்னக் குழுக்களாக இருத்தி, கூட்டாளி நீட்டும்போது எப்படி மறுப்பது என்று நடித்துப் பழக்குவதும், பெற்றோருக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுப்பதும்தான் வேலை செய்கின்றன. அதற்குப் பல கிழமைகள் வேண்டும், படம் எடுத்துப் போடவும் ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

அறையில் பூட்டி நிறுத்துவது

ஹெரோயினை நிறுத்தினால் மூக்கொழுகும், கொட்டாவி வரும், உடம்பு புல்லரிக்கும், வாந்தி, வயிற்றோட்டம். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு கிழமையளவில் தணியும். நரக வேதனை, ஆனால் உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வராது. நாளாந்தம் அதிகமாகக் குடிப்பவரின் கதை வேறு. அவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து செத்தே போகலாம். நித்திரைக் குளிசைக்குப் பழகியவருக்கும் அதே ஆபத்து. என்ன பாவித்தான் என்று தெரியாமல் கதவைப் பூட்டாதீர்கள். தெரிந்தாலும் பூட்டாதீர்கள், வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

திரும்பி வந்ததும் பைலை மூடுவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வலிகாமத்தில் ஒரு வீடு. மகன் புனர்வாழ்வு முடிந்து வந்திருக்கிறான். படலையிலேயே ஆலாத்தி எடுத்தார்கள். உள்ளே கோழிக்கறி மணக்கிறது. கனடாவில் இருக்கும் மாமா காசு அனுப்பி, புது மோட்டார் சைக்கிளும் முற்றத்தில் நிற்கிறது. என்னோடு வந்த தொண்டர் தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணை, பெடியன் நல்லாயிட்டான். கேஸ் முடிஞ்சுதுதானே?" என்றபடி படிவத்தில் "பூரண குணம்" என்று எழுதினார். அந்தப் பெடியனின் பழைய போன் மேசையில் சார்ஜில் கிடந்தது. நாங்கள் தேத்தண்ணி குடித்து முடியமுன் திரை இரண்டு தரம் மின்னியது. "மச்சான் வந்திட்டியாம்?"

கொஞ்ச நாளில் அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆட்டோ அந்த நேரம் வீட்டில் நின்றதால் உயிர் தப்பினான்.

நடந்தது இதுதான். ஹெரோயின் தொடர்ந்து எடுப்பவனின் உடம்பு கூடிய அளவைத் தாங்கப் பழகிவிடும். சில கிழமைகள் எடுக்காமல் இருந்தால் அந்தத் தாங்குசக்தி போய்விடும். ஆனால் கைக்குப் பழைய அளவுதான் ஞாபகம். அதையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிகிச்சையிலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில கிழமைகள்தான் மிகப் பெரிய ஆபத்து. நாங்கள் பைலை மூடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான்!

அவன் வருவதற்கு முதலே வீட்டாரோடு இருந்து கதையுங்கள். போன் இலக்கத்தை மாற்றுவது, பகலில் வீட்டில் யார் நிற்பது, காசு யார் கையில் இருப்பது, அடுத்த கிளினிக் எப்போது, எந்த வேலைக்குப் போகப் போகிறான், எல்லாம் அப்போதே முடிவாக வேண்டும். மோட்டார் சைக்கிள் பிறகு பார்க்கலாம். அதோடு அம்மாவுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள்: தட்டி எழுப்பினாலும் எழும்பாமல், உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, மூச்சு விட்டுவிட்டு வந்தால் உடனே 1990க்கு எடுக்க வேண்டும். அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை பக்கவாட்டில் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். தேசிக்காய்த் தண்ணி பருக்கக்கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். "இதையெல்லாம் சொன்னால் பயந்துபோவா அண்ணை" என்பார்கள். பயப்படட்டும்.

மறுபடி சறுக்குவது இந்த நோயில் நடக்கிற விஷயம். அதைத் துரோகமாக எடுத்து, "இவனுக்கு இவ்வளவும் செய்தோமே" என்று கைவிடுவதும் ஒருவகையில் பைலை மூடுவதுதான். கலியாணம் கட்டி வைத்தால் திருந்துவான் என்கிற யோசனையை யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிநாட்டுக்கு ஏற்றிவிடுவதும் அந்த ரகம்தான்.

கற்பூரத்தில் சத்தியம் வாங்குவது

வாங்கினால், அடுத்த தரம் சறுக்கும்போது அவன் உங்களிடம் வரமாட்டான்.

ஐஸையும் ஹெரோயினையும் ஒன்றாக நினைப்பது

ஐஸை விட்டவன் முதல் சில நாட்கள் படுத்தே கிடப்பான், எழும்பினால் சாப்பிடுவான். "அமைதியாகிட்டான்" என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். அதற்குள்ளே மனச்சோர்வு கனத்துக் கிடக்கும், சாக வேண்டும் என்ற எண்ணமும் வரலாம். தனியே விடாதீர்கள். ஹெரோயினுக்கு இருப்பது போல ஐஸுக்கு மாற்று மருந்து கிடையாது, இருந்து கதைத்துப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சைதான். யாரோ பின்னால் வருகிறார்கள், சுவருக்குள் கமரா இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினால் வாதாடாதீர்கள். அன்றைக்கே மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

பறித்ததைப் பையில் போடுவது

பெடியனிடம் பறித்த பக்கெட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு திரிந்த ஒரு தொண்டரைப் பார்த்திருக்கிறேன். 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 5 கிராமுக்கு மேல் ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். அதற்குக் குறைவாக இருந்தாலும் வழக்குத்தான். வீதியில் மறித்தால், தடுப்பு வேலை செய்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது. கை வைக்காதீர்கள்.

அம்மாவைக் குற்றஞ்சாட்டுவது

நாளைக்கும் அவவிடம்தான் உதவி கேட்கப் போகிறீர்கள்.

எங்கே அனுப்புவது என்று தெரியாமல் போவது

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, மனநல உதவிக்கு 1926. கட்டாய சிகிச்சைக்கு 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் முதலில் அவன் விருப்பத்தோடு போகிற வழியைப் பாருங்கள். கிளினிக் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்து, முதல் தரம் நீங்களும் கூடப் போங்கள். தனியே விட்டால், பதிவு வரிசையில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதும் கிளினிக் கொப்பியைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவான்.