நெட்வொர்க் மானிட்டரிங், ஹைப்ரிட் கிளவுட் சாஃப்ட்வேர்: எப்படி ஒப்பிட்டு எடுக்கிறது?

ஹைப்ரிட் கிளவுட்னா, நம்ம டேட்டா சென்டரையும் வாடகைக்கு எடுத்த கிளவுடையும் சேத்து ஓட்டுறது. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்த ரெண்டு வகை சாஃப்ட்வேரையும் ஒரே எக்ஸெல் ஷீட்ல போட்டு மார்க் கொடுக்காதீங்க. ஜாபிக்ஸ், பிஆர்டிஜி, சோலார்விண்ட்ஸ், லிப்ரேஎன்எம்எஸ், டேட்டாடாக் எல்லாம் என்ன நடக்குதுன்னு பாக்குற வேலை செய்யுது. விஎம்வேர் கிளவுட் ஃபவுண்டேஷன், நியூட்டனிக்ஸ், ஓபன்ஷிஃப்ட், அஸூர் லோக்கல் எல்லாம் சர்வரையும் ஸ்டோரேஜையும் ஓட்டுற வேலை செய்யுது. ஓட்டுற சாஃப்ட்வேர்லயும் ஒரு டாஷ்போர்டு இருக்கும், அதைக் காட்டி தனி மானிட்டரிங் எதுக்குன்னு சேல்ஸ்ல கேப்பாங்க, ஆனா அது பெரும்பாலும் தன்னோட கிளஸ்டரைத்தான் (சேந்து ஓடுற சர்வர் கூட்டம்) நல்லா பாக்கும், அந்த கிளஸ்டரே விழுந்தா டாஷ்போர்டும் கூடவே போயிடும். அதனால ரெண்டு ஷீட், ரெண்டு முடிவு.

டெமோ பாக்க உக்கார்றதுக்கு முன்னாடி உங்க பழைய டிக்கெட்டுகளைத் தோண்டி, கடைசியா வந்த அஞ்சாறு பெரிய பிரச்சனைய எடுத்து எழுதுங்க. முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க, மானிட்டரிங்கா இல்ல கோவமா போன் பண்ண யூசரா? கோளாறு நம்ம பக்கமா கிளவுட் பக்கமான்னு தெரிய எவ்வளவு நேரம் போச்சு? இந்தத் தாள்தான் உங்க அளவுகோல். ஃபீச்சர் லிஸ்ட்ல எல்லா கம்பெனியும் எல்லாத்துக்கும் டிக் போட்டுத்தான் வெச்சிருக்காங்க, அதை வெச்சு ஒப்பிட்டா கடைசியில விலை மட்டும்தான் வித்தியாசமா தெரியும்.

ஹைப்ரிட்ல பிரச்சனை அதிகமா ஒளிஞ்சிருக்கிறது நடுவுல, அதாவது உங்க டேட்டா சென்டரும் கிளவுடும் சேர்ற இடத்துல. ஒரு உதாரணம் பாருங்க. ரெண்டு பக்கத்தையும் இணைக்க ஐபிசெக் டனல், அதாவது இன்டர்நெட் வழியா பூட்டின ஒரு பாதை, போட்டிருக்கீங்க, டனல் அப்ல இருக்கு, பதில் வருதான்னு பாக்குற பிங் போகுது, எஸ்எஸ்எச் லாகின் ஆகுது, மானிட்டரிங்ல எல்லாமே பச்சை, ஆனா பெரிய ஃபைல் காப்பி பண்ணா பாதியில அப்படியே தொங்குது. காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா போகலாம்ங்கிற வரம்பு. சாதாரண ஈதர்நெட்ல பாக்கெட் அளவு 1500 பைட், ஐபிசெக் தன்னோட ஹெடரை மேல ஏத்தும்போது அதுல கொஞ்சம் குறைஞ்சிடும், பெரிய பாக்கெட் உள்ள போகாது, "சின்னதா அனுப்பு"ன்னு திருப்பிச் சொல்ற ஐசிஎம்பி மெசேஜை நடுவுல ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்திருக்கும். சின்ன பிங் மட்டும் அனுப்புற சாஃப்ட்வேருக்கு இது ஜென்மத்துக்கும் தெரியாது. துண்டாக்கக் கூடாதுங்கிற ஃபிளாகோட 1472 பைட் டேட்டா வெச்சு பிங் அனுப்புனா 28 பைட் ஹெடர் சேர்ந்து சரியா 1500 ஆகும், அது போகலன்னா குறைச்சுக்கிட்டே வந்து எங்க நிக்குதுன்னு பாக்கலாம். டிரையல்ல இருக்கிற சாஃப்ட்வேர்ல இந்த மாதிரி டெஸ்ட்டை நாமளே எழுதி, ரெண்டு பக்கத்துலருந்தும் ஓட்ட முடியுதான்னு பாருங்க. பிஜிபி நெய்பர் (பாதை சொல்லிக்கிற பக்கத்து ரூட்டர்) நிலை, டிஎன்எஸ் (பேரை ஐபி முகவரியா மாத்துறது) பதில் வர்ற நேரம், ஒரு டனல் விழுந்தா மத்தது நிஜமாவே டிராஃபிக்க எடுக்குதா, இதையும் அதே மாதிரி.

இப்ப நம்ம பக்கத்து டிவைஸ். இன்னமும் பெரும்பாலான இடத்துல எஸ்என்எம்பிதான், அதாவது டிவைஸ்கிட்ட நிலவரம் கேக்குற முறை, சுவிட்ச் ரூட்டர் எல்லாம் அதுலதான் பேசுது. இங்க பலரும் கவனிக்காத ஒண்ணு, போர்ட்ல போன பைட்டை எண்ணுற பழைய கவுன்டர் 32 பிட், 1 ஜிகாபிட் லிங்க் முழுசா ஓடுனா சுமார் 34 செகண்ட்ல அது சுத்தி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துடும். நீங்க 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டா எத்தனை தடவை சுத்துச்சுன்னே தெரியாது, கிராஃப் அழகா இருக்கும், உள்ள இருக்கிற நம்பர் தப்பு. 64 பிட் கவுன்டரைத்தான் எடுக்குதான்னு உறுதி பண்ணிக்குங்க. எஸ்என்எம்பி 3ம் வெர்ஷன் உங்க எல்லா மாடலோடயும் ஒழுங்கா வேலை செய்யுதான்னும் பாருங்க, பழைய 1, 2சி வெர்ஷன் பாஸ்வேர்டு மாதிரி இருக்கிற கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கை மறைக்காம அப்படியே அனுப்பும்.

கிளவுட் பக்கம் கதையே வேற. அங்க இருக்கிற கேட்வே, லோட் பேலன்சர்கிட்ட எஸ்என்எம்பில கேக்க முடியாது, கிளவுட் கம்பெனியோட ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணோட பேசுற வழி) வழியாத்தான் எடுக்கணும். அமேசானோட வாடகை சர்வர் இசி2ல சும்மா விட்டா மெட்ரிக் (அளவு எண்கள்) 5 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், 1 நிமிஷம் வேணும்னா தனிக் காசு, மெஷினுக்குள்ள எவ்வளவு மெமரி போகுதுங்கிறது உள்ள ஏஜென்ட்ங்கிற சின்ன புரோகிராம் போடாம தெரியவே தெரியாது. மானிட்டரிங் சாஃப்ட்வேர் ஏபிஐய அடிக்கடி கூப்பிட்டா அந்த பில்லும் கிளவுட் கணக்குல உங்க தலையிலதான் விழும், இது சாஃப்ட்வேர் கொட்டேஷன்ல இருக்காது. அதனால எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுக்குது, தேவையில்லாத மெட்ரிக்க நிறுத்த முடியுமான்னு டெமோவுலயே கேட்டுடுங்க.

விலைக்கு வருவோம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா எண்ணுவாங்க. பிஆர்டிஜி சென்சார் கணக்குல வளந்தது, ஒரு சென்சார்னா பாக்குற ஒரு விஷயம், 48 போர்ட் சுவிட்ச்ல ஒவ்வொரு போர்ட்டையும் பாத்தா அது ஒண்ணே 48 சென்சார். டேட்டாடாக் ஹோஸ்ட் (மெஷின்) கணக்கு, அதுக்கு மேல கஸ்டம் மெட்ரிக், லாக் எல்லாம் தனித்தனி, ஆட்டோஸ்கேலிங் (தேவைக்கேத்த மாதிரி மெஷின் தானா கூடிக் குறையுறது) இருந்தா மாசாமாசம் பில் ஆடும். விஎம்வேர் கோர் கணக்கு, ஒரு சிபியுவுக்கு குறைஞ்சது 16 கோர், உங்ககிட்ட 8 கோர்தான் இருந்தாலும் 16க்கு கட்டணும். ஜாபிக்ஸுக்கு லைசென்ஸ் காசு இல்ல, ஆனா அதை வளத்து வெச்சுக்க டீம்ல ஆள் வேணும். இன்னைக்கு இருக்கிற எண்ணிக்கைய போட்டுப் பாக்காதீங்க, ரெண்டு வருஷம் கழிச்சு இருக்கப்போற எண்ணிக்கைய போட்டு எல்லாரையும் ஒப்பிடுங்க.

ஓட்டுற சாஃப்ட்வேர ஒப்பிடும்போது நான் முக்கியமா பாக்கச் சொல்றது, இன்டர்நெட் லிங்க் அறுந்தா என்ன ஆகும்ங்கிறது. அஸூர் லோக்கல் சாதாரணமா 30 நாளுக்குள்ள ஒரு தடவையாவது அஸூரோட பேசணும், பேசலன்னா ஓடுற மெஷின் ஓடும், புதுசா உருவாக்க முடியாது. நம்ம இடத்துலயே வைக்கிற அமேசான் ஹார்டுவேர் அவுட்போஸ்ட்லயும் ஏற்கனவே ஓடிட்டிருக்கிற இன்ஸ்டன்ஸ் ஓடும், ஆனா நிறுத்துறது துவக்குறதுக்கு ஏபிஐ கிடைக்காது. பிஓசி, அதாவது வாங்குறதுக்கு முன்னாடி சோதனை ஓட்டம், பண்ணும்போது லிங்க்க நிஜமாவே பிடுங்கிட்டு ஒரு நாள் முழுக்க வேலை பாருங்க, பேப்பர்ல படிக்கிறதுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

வெளிய வர்ற வழியும் பாத்தே ஆகணும். 2023 நவம்பர்ல பிராட்காம் விஎம்வேர வாங்குச்சு, அடுத்த மாசமே நிரந்தர லைசென்ஸ் விக்கிறத நிறுத்திட்டாங்க, சந்தா மட்டும்தான். அதே வருஷம் ஆகஸ்ட்ல சர்வர் செட்டப்பை கோடா எழுத உதவுற டெராஃபார்மோட லைசென்ஸ் மாறுச்சு, அதுலருந்து ஓபன்டோஃபு தனி சாஃப்ட்வேரா பிரிஞ்சுது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லல, விதி எப்ப வேணா மாறலாம், அதனால விஎம் (சர்வருக்குள்ள ஓடுற மெய்நிகர் மெஷின்) இமேஜ வேற ஃபார்மேட்டுக்கு மாத்தி எடுக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு தடவை செஞ்சு பாருங்க.

பாதுகாப்புல ஒரே ஒரு விஷயம். மானிட்டரிங் சர்வர்ல உங்க எல்லா டிவைஸோட பாஸ்வேர்டும் இருக்கும். 2020ல சோலார்விண்ட்ஸ் ஓரியன் அப்டேட்லயே தீங்கு கோட் கலந்து சுமார் 18,000 கஸ்டமர் வரைக்கும் போய்ச் சேந்துச்சு. எந்த கம்பெனி சாஃப்ட்வேரா இருந்தாலும் படிக்க மட்டும் உரிமை உள்ள அக்கவுன்ட் கொடுத்து ஓட்ட முடியுதான்னு பாருங்க, அட்மின் பாஸ்வேர்டு இல்லாம வேலையே செய்யாதுன்னா அதுக்கு மார்க்க குறைங்க.

டிரையல்ல வேணும்னே உடைக்கணும். ஒரு கிளை ஆபீஸ் லிங்க்க ஷட் பண்ணுங்க. லிங்க் டவுன்னு ஒரு அலர்ட் வந்தா நல்ல சாஃப்ட்வேர், பின்னாடி இருக்கிற ஒவ்வொரு பிரின்டருக்கும் ஆக்ஸஸ் பாயின்ட்டுக்கும் தனித்தனியா வந்தா, டிபென்டன்சி (எது எதை நம்பி இருக்குங்கிறது) செட் பண்ணா குறையுதான்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கப்போறவங்களையே இந்த டெஸ்ட்டுக்கு உக்கார வைங்க, மேனேஜரை இல்ல.

என்னைக் கேட்டா, சுவிட்ச் ரூட்டர் அதிகம், கிளவுட் கொஞ்சம்னா ஜாபிக்ஸ் இல்ல லிப்ரேஎன்எம்எஸ் போதும். கன்டெய்னர் ஓட்டுற குபர்நெட்டிஸ்லதான் எல்லாம் ஓடுதுன்னா மெட்ரிக் சேக்குற புரோமிதியஸும் கிராஃப் காட்டுற கிராஃபானாவும், எஸ்என்எம்பி டேட்டாவ மாத்தித் தர ஒரு எக்ஸ்போர்ட்டர் போட்டுக்கலாம், ஆனா புரோமிதியஸ் சும்மா விட்டா 15 நாள் டேட்டாதான் வெச்சிருக்கும், பழைய டேட்டா வேணும்னா தானோஸ் மாதிரி ஒண்ணு சேக்கணும். ரெண்டும் சரிபாதியா இருக்கு, பணம் இருக்கு, ஆள் இல்லன்னா டேட்டாடாக் மாதிரி சந்தா சாஃப்ட்வேர் எடுக்கலாம், மாச பில்லுக்கு ஒரு வரம்பு அலர்ட்ட முதல் நாளே வெச்சிடுங்க.