கோதிக் திகில் படத்துக்கான ஆர்க்கெஸ்ட்ரா இசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோதிக் திகில் படத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா இசை எழுத முதன்முறையாக அமர்பவர் பெரும்பாலும் பயத்தை மட்டுமே எழுதிவிடுகிறார். இடிந்த மாளிகையும் அணையப்போகும் மெழுகுவத்தியும் திரையிலேயே இருக்கும்போது, இசையும் அதையே இன்னொரு முறை சொன்னால் பார்வையாளருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. இவ்வகைக் கதைகளின் அடியில் ஓடுவது இறந்தவர்மீது தீராத ஏக்கம், அல்லது ஒரு குடும்பம் புதைத்துவைத்த பழி. ஆவி அதற்கு வாய்த்த உருவம்தான். ஆகவே, அந்த ஏக்கத்துக்கென்று ஒரு மெட்டுக்கூட அமைக்காமல் முரண்சுரங்களை அடுக்கிக்கொண்டே போவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். முழுமையாகக் கேட்ட மெட்டைத்தான் பின்னால் சிதைக்க முடியும். முதலில் தனி வயோலாவில் நிறைவாக ஒலித்தது, படத்தின் நடுவில் கடைசிச் சுரம் இல்லாமல் அறுந்துபோகலாம். இறுதியில் கான்ட்ராபசூன் என்னும் மிகத் தாழ்ந்த ஒலியுள்ள ஊதுகருவியில் இரு மடங்கு மெதுவாக ஊர்ந்து வரலாம். 1992இல் வெளியான டிராகுலா படத்துக்கு வோய்ச்செக் கீலார் அமைத்த இசையில், ஓயாமல் துரத்தும் அணிநடையைப் போலவே காதல் மெட்டுக்கும் சம இடம் இருப்பது தற்செயலானதல்ல.

அடுத்தது, தேய்ந்துபோன அடையாளங்களைச் சார்ந்திருப்பது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'டியஸ் இரே' என்னும் இறந்தோர் வழிபாட்டுப் பாடலை 1830இலேயே பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் தம் சிம்ஃபனியில் கையாண்டுவிட்டார். அதன் முதல் நான்கு சுரங்கள் கேட்டவுடனேயே, இசையறிந்த பார்வையாளர் பயப்படுவதை விட்டுவிட்டு அடையாளம் காணத் தொடங்கிவிடுவார். சட்ஜமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலுள்ள ஆறு அரைச்சுர இடைவெளியும் அப்படித்தான். அது தன்னளவில் பயங்கரமானது அன்று. சாதாரணக் காதல் பாடலின் ஏழாம் சுரம் சேர்ந்த கார்டிலும் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டிலும்) அதே இடைவெளி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. தீர்வை நோக்கி நகராமல் அதை எவ்வளவு நேரம் தொங்கவிடுகிறோம் என்பதில்தான் அச்சம் பிறக்கிறது.

மந்தர ஸ்தாயியை நெரிசலாக்குவது, அனுபவமுள்ளவர்களையும் விடாத தவறு. டபுள் பாஸின் கடைசிக் கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த ஆழத்தில் இரண்டு சுரங்களை மூன்று நான்கு அரைச்சுர நெருக்கத்தில் வைத்தால் காதில் விழுவது கார்டு அன்று, உறுமல். உறுமலே நோக்கமென்றால் சரி; மற்ற இடங்களில் கீழே எண்மச் சுரங்களையும் ஐந்தாம் சுரங்களையும் அகலமாக வைத்து, நெருக்கமான சுரங்களைச் செலோவின் நடுப்பகுதிக்கு மேல் கொண்டுபோக வேண்டும். பைப் ஆர்கனின் 32 அடிக் குழாய் எழுப்பும் 16 ஹெர்ட்ஸ் ஒலியை நம்பி ஒரு காட்சியையே கட்டுவதும் ஆபத்து, ஏனெனில் வீட்டு ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவற்றில் அந்த அடித்தளம் இருக்காது; மேலே மிதக்கும் கிளைச்சுரங்கள் மட்டுமே எஞ்சும். உரையாடல் இருக்கும் இடத்தில் பேசுபவரின் குரல் உலவும் எல்லைக்குள்ளேயே செலோவையோ ஹார்னையோ பாடவிடுவதும் வேண்டாம். எல்லா ஒலிகளையும் ஒன்றுசேர்க்கும் கலவை மேசையில் தோற்பது எப்போதும் இசைதான்.

ஒரு கதவு திறக்கப்போகிறது என்பதை இசை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக் கூடாது. நடைபாதையில் கதாநாயகி அடியெடுத்து வைக்கும்போதே வயலின்கள் நடுங்கத் தொடங்கினால், திடுக்கிடும் கணம் வருவதற்குள் பார்வையாளர் தயாராகிவிடுகிறார். அந்தக் கணத்திலும் கதவின் அறைதலும் டிராம்போன்களின் அடியும் ஒரே ஃபிரேமில் மோதினால் இரண்டும் மங்கும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 42 மில்லி நொடி. இசையை இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளிவைத்தாலே ஒன்று மற்றொன்றின் எதிரொலியாகிவிடும். இதை ஒலி வடிவமைப்பாளருடன் எழுதுவதற்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது. எங்கே இசையே வேண்டாம் என்பதும் அந்தப் பேச்சிலேயே முடிவாக வேண்டும்.

வாத்தியங்களின் எண்ணிக்கையைப் பற்றிய மயக்கம் தனி. 1960இல் பெர்னார்ட் ஹெர்மன் 'சைக்கோ' படத்துக்கு நரம்பு வாத்தியங்களை மட்டுமே பயன்படுத்தினார். அதே காலத்தில் போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி 52 நரம்பு வாத்தியங்களுக்கென எழுதிய ஓலத்தைப் பதினெட்டு பேரிடம் கேட்பது மட்டும் பலிக்காது. அடுத்தடுத்த சுரங்கள் பல ஒருசேர ஒலிக்கும் கொத்துச்சுரங்களில் அடர்த்திதான் பொருள், அடர்த்திக்கு ஆட்கள் வேண்டும்.

கணினியில் கேட்டு மகிழ்ந்ததை அப்படியே தாளில் ஏற்றுவது கடைசி நாளில் தெரியவரும் தவறு. கணினியின் டிராம்போனுக்கு மூச்சு வாங்காது, மனிதருக்கு வாங்கும். ஆகவே நீண்ட சுரங்களை இரண்டு பேருக்குப் பிரித்து, மூச்செடுக்கும் இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாதபடி எழுத வேண்டும். 'தாறுமாறாக வாசிக்கவும்' என்று மட்டும் குறித்தால் ஒவ்வொருவரும் தயங்கி அடுத்தவரைப் பார்ப்பார்; எந்தக் கம்பி, எவ்வளவு உயரம், எத்தனை நொடி, கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு வில் எவ்வளவு அருகில் என்று எழுதினால் ஒரே எடுப்பில் முடியும். வில்லின் மரப்பகுதியால் கம்பியைத் தட்டும் இடம் இருந்தால் அதை முன்பே தெரிவித்துவிடுங்கள்: விலையுயர்ந்த வில்லை அதற்குப் பயன்படுத்தப் பலரும் விரும்புவதில்லை, சிலர் அதற்கென்றே வேறொரு பழைய வில்லைக் கொண்டுவருவார்கள்.